இரும்பு மாத்திரையும் நெஞ்செரிச்சல் மருந்தும்: இடையில் வேண்டிய இரண்டு மணி நேரம்



போன மாதம் பெண்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "நாலு மாசமா சத்து மாத்திரை விடாம போடுறேன் பாய், ரத்தம் ஏறவே மாட்டேங்குது. மாத்திரை சரியில்லையா, என் உடம்பு சரியில்லையா?" அன்று நேரம் இல்லாததால் பதிலைச் சுருக்கிவிட்டேன். இந்த மாதப் பாடம் முழுவதும் அதற்குத்தான். கேட்டது ஒருவர் என்றாலும், தலையாட்டியவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது.

இதே கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலேயே எழுந்தது. என் அக்கா மகள் ஐந்தாம் மாத கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். ஒரு மாத்திரைக்குப் பதிலாக நாளுக்கு இரண்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பார்த்தால் 9.1. "மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியா வீசிடுறாங்க" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதாள். "மாமா, நான் ஒரு நாள்கூட விடல" என்றாள். எனக்கும் சந்தேகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடை கண்டுபிடித்தவர் கிராம சுகாதார செவிலியர். அவர் அவளைத் திட்டவில்லை. "எப்போ போடுறே, எதோட போடுறே?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி சாப்பிட்டதும் சிவப்பு மாத்திரை, அதோடு வெள்ளை கால்சியம் மாத்திரை. சிவப்பு மாத்திரை நெஞ்சைக் கரிக்கிறது என்பதால் அதன் மேலேயே தண்ணீரில் போட்டால் பொங்குகிற உப்புப் பொடி ஒரு டம்ளர். இவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள். "எல்லாத்தையும் ஒண்ணா போடச் சொன்னது யாரு?" என்று செவிலியர் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். நான்தான். "மறக்காம இருக்கும்மா, ராத்திரி சோறு சாப்பிட்டதும் எல்லாத்தையும் ஒரேயடியா போட்டுடு" என்று சொன்னவன் நான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எதோடு எது சேரக் கூடாது என்று தெரியாமல் சொன்னது.

மூன்றையும் பிரித்துப் போட ஆரம்பித்த பிறகு அடுத்த மாதம் 10.2 வந்தது. ஒரு வீட்டில் நடந்ததை வைத்து மட்டும் எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆகவே காரணத்தைப் பார்ப்போம்.

வயிற்றுப் புளிப்பு எதற்கு?

நம் இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நெஞ்செரிச்சல் வந்தால் அதை எதிரியாக நினைக்கிறோம். உண்மையில் சோற்றோடு வருகிற கிருமிகளைக் கொல்வதும், கறியில் இருக்கும் புரதத்தைப் பிரிப்பதும், இரும்பைக் கரைத்துக் கொடுப்பதும் அதன் வேலைகள்.

இரும்பு உடம்பில் ஏறுவது இரைப்பையில் அல்ல. அதற்கு அடுத்துள்ள முன்சிறுகுடலில்தான் ஏறுகிறது. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் பிறகு வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே போய்ச் சேரும்போது இரும்பு நன்றாகக் கரைந்த நிலையில் இருக்க வேண்டும். புளிப்பு இருந்தால்தான் கரையும். புளிப்பு போய்விட்டால் இரும்பு துருவைப் போன்ற ஒரு பொருளாக மாறிப் படிந்துவிடும். நம் பக்கத்துப் போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். காலையில் சில வீடுகளில் அடியில் செம்மண் போல ஒரு படிவு நிற்கும். தண்ணீரில் கரைந்திருந்த இரும்புதான் அது. கரைந்திருந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை, படிந்த பிறகு மறுபடி கரைய மறுக்கிறது. வயிற்றில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அமிலத்தைத் தணிக்கும் மருந்துகள் எல்லாமே ஒன்றல்ல. ஜெலுசில், டைஜின் போல அலுமினியமும் மக்னீசியமும் கலந்த பிங்க் நிற டானிக்குகள் ஒரு வகை. பொங்கும் பொடிகளில் இருப்பது சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடாவின் இனம். சப்பிச் சாப்பிடும் சில மாத்திரைகளில் இருப்பது கால்சியம் கார்பனேட். இவை மூன்றும் ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை அணைப்பவை. சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் போய்விடும். வெறும் வயிற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் சுமார் மூன்று மணி நேரம் வரை நிற்கலாம். இன்னொரு இனம் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல் என்று "சோல்" என்று முடியும் பெயர்கள். காலையில் வெறும் வயிற்றில் போடுகிற "கேஸ் மாத்திரை" பெரும்பாலும் இதுதான். இது அமிலம் சுரப்பதையே அடக்கிவிடும். ஒரு மாத்திரையின் வேலை நாள் முழுக்க இருக்கும். இதைப் பற்றித் தனியாகப் பின்னால் பார்ப்போம், ஏனென்றால் இங்கே இரண்டு மணி நேர இடைவெளிக் கணக்கு உதவாது.

1986-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இரும்புச் சத்து சற்றே குறைவாக உள்ளவர்களுக்கு இரும்பையும் அமில மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, ரத்தத்தில் இரும்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஒரு கிராம் சோடியம் பைகார்பனேட்டோடு சேர்த்தபோது ஏற்றம் பாதியாகக் குறைந்தது. 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டோடு சேர்த்தபோது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த திரவத்தோடு சேர்த்தபோது பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே பிங்க் டானிக்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. என் அக்கா மகளின் டம்ளரில் இருந்தது முதல் வகை, கையில் இருந்த வெள்ளை மாத்திரை இரண்டாம் வகை. இரண்டு பக்கமும் அடி. ஆனாலும் பிங்க் டானிக்குக்கும் இடைவெளி விடச் சொல்கிறார்கள். அதே இனத்தைச் சேர்ந்த மக்னீசியம் டிரைசிலிகேட் இரும்பைத் தடுக்கும் என்பது தெரிந்த விஷயம், நம் கையில் இருக்கும் பாட்டிலில் எது எவ்வளவு என்று பார்த்து வாங்குபவர்களும் குறைவு.

இதில் ஒரு சுழல் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். இரும்பு மாத்திரை பலருக்கு வயிற்றைக் கரிக்கிறது. கரிப்புக்கு அமில மருந்து. அமில மருந்தால் இரும்பு ஏறவில்லை. ஏறவில்லை என்று மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகிறது. இரண்டானதும் கரிப்பும் இரண்டாகிறது. கடைசியில் அந்தப் பெண் மாத்திரையையே நிறுத்திவிடுகிறாள். "அரசாங்க மாத்திரை சரியில்லை" என்ற பேச்சு ஊரில் பரவுகிறது. சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 2018-இல் தொடங்கிய ரத்த சோகை இல்லா இந்தியா திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் இதைக் கொடுக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

அது சின்னக் கணக்கு அல்ல

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. பாதிக்கு மேல். நம் மஹல்லாவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் ஐந்து வீட்டில் ஒருத்தி படியேறும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். "வேலை ஜாஸ்தி" என்று சொல்லிக்கொள்வாள். பிரசவத்தின்போது ரத்தப்போக்கு எல்லாருக்கும் உண்டு. 12 உள்ளவள் தாங்குகிற இழப்பை 7 உள்ளவள் தாங்க மாட்டாள். மாத்திரை வீணாவது என்பது அந்த நாளில் போய் நிற்கும்.

மலைமேல் இது இன்னும் கடினம். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் முகாமுக்குப் போயிருந்தவர்களுக்குத் தெரியும். நகரத்தில் ஒரு பெண் மாத்திரை தீர்ந்தால் மறுநாள் போய் வாங்கிவிடுவாள். அங்கே உள் கிராமத்தில் இருக்கும் ஒருத்திக்குச் சுகாதார நிலையம் போய் வருவதே ஒரு நாள் கூலி. அப்படி வாங்கிய மாத்திரை சேரக் கூடாததோடு சேர்ந்து பாதி வீணாகிறது என்றால் அது யாருக்கும் நியாயமில்லை. நம் முகாமில் மாத்திரை கொடுக்கும்போது எப்போது போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று தன்னார்வலர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். "சாப்பிட்டுப் போடுங்க" என்ற இரண்டு வார்த்தை போதாது.

மலையைச் சொன்னதும் கடுக்காய் நினைவுக்கு வருகிறது. கல்வராயன் மலைக் காட்டில் பொறுக்கி இறக்கி விற்கப்படும் சரக்குகளில் அதுவும் ஒன்று. வயிறு சரியில்லை என்றால் கடுக்காய்ப் பொடி போடும் வீடுகள் நம்மிடமும் உண்டு. நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாத் பழைய கிதாபுகள் எழுதப்பட்ட மையைப் பற்றிச் சொல்வார்கள். கடுக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டி, அதில் அன்னபேதியைப் போட்டால் கறுப்பாகிவிடும். அந்த எழுத்து எளிதில் அழியாது. பிறகு கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் அன்னபேதி என்பது இரும்பு சல்பேட் என்று தெரிந்தது. ரத்த சோகைக்கு நாம் விழுங்கும் இரும்பு மாத்திரைகளில் பலவற்றில் இருப்பதும் இரும்பு சல்பேட்தான். சித்த வைத்தியர்கள் அன்னபேதிச் செந்தூரம் என்று இதே நோய்க்குக் கொடுக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அது காகிதத்தில் நல்லது, வயிற்றில் அல்ல. துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாக்கிவிடும்.

கடுக்காய் சாப்பிடுபவர்கள் சிலர்தான். டீ குடிக்காதவர் நம்மில் யார்? டீயிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ, டீயோடு மாத்திரை என்ற பழக்கம் உள்ள வீட்டில் அமில மருந்து எதுவும் இல்லாமலேயே இரும்பு போய்விடும். காப்பியும் அப்படித்தான். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ வேண்டாம். இதைச் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பு வருகிறது. கேட்டுக்கொள்கிறவர்கள் குறைவுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறாக உதவுவது எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா. வைட்டமின் சி இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும். சர்க்கரை இல்லாத அரை மூடி எலுமிச்சைச் சாறு போதும். புளிப்பே வயிற்றுக்கு ஆகாது என்பவர்கள் வெறும் தண்ணீரில் போடலாம்.

பேரீச்சம்பழத்தைப் பற்றியும் கேட்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கிறது, பேரீச்சம்பழமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதிலேயே விஷயம் விளங்கும். பழம் நல்ல உணவு, ஆனால் மருந்தின் வேலையை அது செய்யாது. ரத்தம் 9 என்று வந்த பெண் பழத்தை நம்பி மாத்திரையை விடக் கூடாது.

வெள்ளை மாத்திரை

கால்சியம் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் இரண்டு தருகிறார்கள். இதில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் கார்பனேட். அதாவது மேலே சொன்ன அமிலம் அணைக்கும் மருந்தேதான், பெயர் மட்டும் வேறு! சத்து மாத்திரை என்று நாம் நினைப்பது வயிற்றுக்குள் போனதும் ஆன்டாசிட் வேலையையும் செய்கிறது. அரசின் வழிகாட்டுதலிலேயே இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகத் தரக் கூடாது என்று இருக்கிறது. கால்சியத்தைச் சாப்பாட்டோடு, இரும்பைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. இரண்டு கால்சியத்தையும் ஒரே வேளையில் போட்டு முடித்துவிடுவதும் சரியல்ல, ஒரு நேரத்தில் குடல் எடுத்துக்கொள்ளும் அளவு குறைவு.

கால்சியம் கார்பனேட் கரையவும் அமிலம் வேண்டும். ஆகவே காலையில் "சோல்" மாத்திரை போடுகிற வயதான பெண், எலும்பு தேய்மானத்துக்குக் கால்சியம் கார்பனேட்டை வெறும் வயிற்றில் போட்டால் அது சரியாகச் சேராது. சாப்பாட்டோடு போட்டால் ஓரளவு சரியாகும். கால்சியம் சிட்ரேட் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு அமிலத் துணை தேவையில்லை. விலை கூடுதல். உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கறி சாப்பிடுகிறோமே, நமக்கு ஏன் பி12 குறைய வேண்டும்?

நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வாயுத் தொல்லைக்கு தினமும் காலையில் பான்டோபிரசோல். பான்டோபிரசோலை ஒரு டாக்டர் எப்போதோ இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவர் அந்த அட்டையைக் காட்டிக் காட்டியே ஏழெட்டு ஆண்டு வாங்கிப் போட்டார். பாதம் மரத்துப்போனது, செருப்பு கழன்றது தெரியவில்லை, நடை தடுமாறியது. எல்லாரும் சர்க்கரை என்றே நினைத்தோம். ஒரு இளம் டாக்டர் பி12 பார்க்கச் சொன்னார். மிகக் குறைவாக இருந்தது. அவருக்கு நம்ப முடியவில்லை. "வாரம் தவறாம ஆட்டுக்கறி சாப்பிடுறேன், எனக்கா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பி12 கறி, ஈரல், மீன், முட்டை, பால் போன்ற உயிரினங்களிலிருந்து வரும் உணவில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அந்தக் கட்டை அவிழ்ப்பது இரைப்பை அமிலமும் அங்கே சுரக்கும் பெப்சினும். அமிலம் அடக்கப்பட்டால் கறி வயிற்றில் இருந்தும் பி12 கறியிலேயே இருந்துவிடும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் உடனே தெரியாது. மெல்லக் கரைந்து பிறகுதான் காட்டும். மெட்ஃபார்மினும் தன் பங்குக்கு பி12 சேர்வதைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

2013-இல் கலிபோர்னியாவில் பி12 குறைவுள்ள ஏறத்தாழ 26,000 பேரின் மருந்துக் குறிப்புகளை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "சோல்" வகை மருந்தை இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் அந்தக் குறைவு 65 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று இது முழுமையாக நிரூபித்துவிடாது, ஆனால் அசட்டையாக விட முடியாத எண். நல்ல செய்தி என்னவென்றால் மாத்திரையாக வரும் பி12-க்கு இந்தக் கட்டு இல்லை. அமிலம் இல்லாமலே கட்டவிழ்ந்த நிலையில் இருக்கும். ஆகவே அமில மருந்தை நிறுத்த முடியாதவர்களும் பி12 மாத்திரையோ ஊசியோ எடுத்துச் சரிசெய்யலாம். பெரியவருக்கு ஊசி போட்டார்கள். நடை தேறியது. மரத்துப்போனது முழுதாகப் போகவில்லை, தாமதமாகிவிட்டது.

மக்னீசியமும் இப்படி நீண்ட காலத்தில் குறையலாம் என்று 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கை கால் இழுப்பு, படபடப்பு இருந்தால் டாக்டரிடம் "இந்த மாத்திரையை இத்தனை வருஷமா போடுறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள், புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் இவர்களுக்கு "சோல்" மருந்து உயிர்க் காவல். பல ஆண்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்கும். அதைப் பார்த்து "எனக்கு இது இல்லாம முடியாது" என்று மறுபடி தொடங்கிவிடுவார். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான். நான் சொல்வது, சீட்டில் இரண்டு வாரம் என்று எழுதியிருந்தால் இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேளுங்கள் என்பதுதான். இந்த வகை மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. நாம் பழைய அட்டையை நீட்டுகிறோம், மெடிக்கலில் கொடுத்துவிடுகிறார்கள்.

லூசி வில்ஸ் அம்மையார்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மாத்திரையில் இரும்போடு இருக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டில் தொடங்கியது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் ரத்த சோகையை ஆராய வந்தவர். நம் மாநிலத்துக் குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வகத்திலும் சில காலம் வேலை செய்தார். பம்பாயில் எல்லாரையும்விட இந்த நோய் அதிகம் பிடித்திருந்தது ஏழை முஸ்லிம் பெண்களை என்று கண்டார். அவர்களின் சாப்பாடுதான் எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது. மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். 1931-இல் அதை எழுதி வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்று உலகம் முழுவதும் கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரையில் பம்பாயின் அந்தப் பெயர் தெரியாத பெண்களின் பங்கு இருக்கிறது. அவர்களுடைய பேத்திகள் அதை எலுமிச்சைச் சாற்றோடு போடாமல் டீயோடு போடுகிறார்கள்!

சரி, எப்போது எதைப் போடுவது?

கர்ப்பிணிக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது, செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்ததுதான். காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். பதினொரு மணிக்கு இரும்பு, எலுமிச்சைச் சாற்றோடு. அதற்கும் காலை டீக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். நெஞ்செரிச்சல் டானிக் தேவைப்பட்டால் மதியமோ இரவோ சாப்பிட்ட பின், இரும்பிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. பொங்கும் பொடியைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது, அதில் சோடியம் அதிகம். இரண்டு இரும்பு மாத்திரை எழுதியிருந்தால் இரண்டாவதை எந்த நேரத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் இரும்பு போட்டால் குமட்டுகிறது என்பவர்கள் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். ஏறுவது சிறிது குறையும், ஆனால் அறவே நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். தாங்கவே முடியவில்லை என்றால் அமில மருந்தை மேலே ஊற்றாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். வேறு வகை இரும்பு இருக்கிறது, தேவைப்பட்டால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பும் அரசு மருத்துவமனையில் இருக்கிறது. ஒழுங்காக ஒரு மாதம் எடுத்தும் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. அப்போது "இவ்வாறு இடைவெளி விட்டே போட்டேன்" என்று சொல்ல முடிந்தால் டாக்டருக்கு அடுத்த காரணத்தைத் தேடுவது எளிதாகும்.

இரும்பு போடும்போது மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். இரும்பு போடாதவருக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சாப்பாடு விழுங்கச் சிரமம் இருந்தாலோ, உடம்பு இளைத்தாலோ டானிக் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஆண்களுக்கு ரத்த சோகை வந்தால் உள்ளே எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு "வாயு" என்று தோன்றும் நெஞ்சு எரிச்சல் சில நேரம் இதயமாகவும் இருக்கும்.

தைராய்டு மாத்திரை போடுபவர்களுக்கு இடைவெளி இன்னும் அதிகம். இரும்பு, கால்சியம், அமில மருந்து எதுவாக இருந்தாலும் நான்கு மணி நேரம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளையும் இவை கட்டிப்போட்டுவிடும், காய்ச்சல் நேரத்தில் சத்து மாத்திரையைச் சில நாள் தள்ளி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த அமில டானிக்கையும் தாங்களாக வாங்கக் கூடாது. அலுமினியமும் மக்னீசியமும் அவர்கள் உடம்பில் தேங்கும். எலுமிச்சைச் சாறோ சிட்ரேட் மாத்திரையோ சேர்ந்தால் அலுமினியம் இன்னும் அதிகமாக ஏறும்.

ரமலானில்தான் கணக்கு தவறிப்போகிறது. மஃரிபிலிருந்து சஹர் முடியும் வரை பத்தரை, பதினொரு மணி நேரம். அதற்குள் எல்லா மாத்திரையும். நோன்பு திறந்த கையோடு கஞ்சி, வடை, டீ, அதன் மேல் எல்லா மாத்திரையையும் கொட்டிக்கொள்கிறோம். எண்ணெய்ப் பலகாரத்தால் எரிச்சல், அதற்கு டானிக். இப்படிச் செய்து பாருங்கள்: கால்சியம் நோன்பு திறக்கும் சாப்பாட்டோடு ஒன்று, சஹரில் ஒன்று. இரும்பு தராவீஹ் முடிந்து பத்து மணிக்கு மேல், எலுமிச்சைச் சாற்றோடு. தராவீஹுக்குப் போகுமுன் குடிக்கும் டீ ஏழரைக்குள் முடிந்துவிட வேண்டும். "சோல்" மாத்திரை சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன். தைராய்டு மாத்திரையும் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது, ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ரத்தம் மிகக் குறைவான கர்ப்பிணிகள் நோன்பு வைப்பதா, பிறகு களா செய்வதா என்பதை டாக்டர் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

அடுத்த மருத்துவ முகாமுக்கு வரும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், டானிக் பாட்டில்களையும், கடுக்காய்ப் பொடி வரை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொருவருக்கும் எந்த மாத்திரை எந்த நேரம் என்று தாளில் எழுதித் தர இரண்டு செவிலியர் சகோதரிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சூரியன், நிலா படம் போட்டுத் தருவோம், இன்ஷா அல்லாஹ். என் அக்கா மகளும் வருகிறாள். ஒன்றாகப் போடச் சொன்ன மாமா யார் என்று அவளே சொல்லுவாள்.